வேலியோரத்து பெஞ்சு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் யாரும் ட்ரில் போடக் கூடாது என்பது அந்தத் தெருவின் எழுதாத சட்டம். அதனால் நெவில் கெல்லட் எட்டு அடிக்கும்வரை சமையலறையில் காத்து நிற்பார். தலையில் அகலத் தொப்பி, காலில் சிமெண்ட் தெறித்த பழைய பூட்ஸ், கையில் ட்ரில். முள் எட்டைத் தொட்டதும் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்.

அவர் மனைவி ஹெதர் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரின் வடக்கு ஓரத்தில் இருந்த அந்த வீட்டின் பின்தோட்டத்தில் நெவிலின் கை படாத இடம் கிடையாது. மரத்தளம் அவர் போட்டது. அதன் மேலிருந்த நிழற்பந்தல் அவர் கட்டியது. தகர விளிம்பு வைத்த காய்கறிப் பாத்திகளும், செங்கல் அடுப்பும், மாமரத்தைச் சுற்றிக் கல் பாவிய வட்டமும் அவருடைய சனிக்கிழமைகள்தான். வாரத்தில் ஐந்து நாளும் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரார் வீட்டு இடிந்த கூரைகளைப் பற்றிக் கடிதம் எழுதும் மனிதர். ஒரு பலகையை இன்னொரு பலகையோடு தன் கையால் சேர்க்கும்போதுதான் அவர் முகம் தெளியும். அது தெரிந்ததால் ஹெதர் அவர் வேலையில் குறை சொல்வதில்லை.

இந்த முறை சொல்ல வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மகள் ஷானன் தன் மூன்று வயதுக் குழந்தை பிப்பாவோடு வரப்போகிறாள். அதற்குள் முடித்தாக வேண்டும் என்று நெவில் கையிலெடுத்த வேலை ஒரு பெஞ்சு. நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த கம்பி வேலியை ஒட்டி, வெளிப்பக்கத்தில், நீளமாக ஒரு மர இருக்கை. அதன் இரண்டு முனைகளிலும் இடுப்பளவு உயரத்துக்குப் பூப்பெட்டிகள். வரைபடத்தில் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. பலகைகள் எழுந்து நின்றபோதுதான் ஹெதருக்கு அது உறைத்தது. பெஞ்சில் ஒரு கால், பூப்பெட்டியில் ஒரு கால், அடுத்த கால் வேலிக்கு அந்தப்பக்கம்.

"நெவ், வேலிக்கு இவ்வளவு பக்கத்துலயா வைக்கணும்? சின்னப் பிள்ளை ஏறிடுமே."

ட்ரில் உறுமியது. "என்ன சொன்ன?"

"பிள்ளை ஏறிடும்னு சொன்னேன்."

"அந்த அளவுகோலை எடு. காலுக்குப் பக்கத்துல கிடக்கு பாரு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி ட்ரில் உறுமியது. மறுநாளும் சொன்னாள், அதற்கடுத்த வாரமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சத்தம் நடுவில் புகுந்தது. சத்தம் ஓய்ந்தபோது அவளுடைய தைரியமும் ஓய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஐலீனும் சொல்லத்தான் செய்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதில்பலகை மார்பளவுதான் இருக்கும். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்தபடி கேட்டாள்: "நெவில், பெஞ்சு ரொம்ப அழகா இருக்கு. ஆனா குளத்துக்கு ஏணி சாத்தி வச்ச மாதிரி இருக்கே?"

எதிர்வீட்டு பாரி அன்றைக்குப் பலகை பிடிக்க வந்திருந்தான். பீர்ப் புட்டியை உயர்த்திக் காட்டினான். "ஐலீன், ஏறிக் குதிக்கணும்னா முதல்ல மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுட்டு வாங்க. நான் இந்தப்பக்கம் பிடிச்சுக்கறேன்."

"உன்னை நம்பிக் குதிக்கறதுக்கு நேரா தண்ணியிலயே விழலாம்," என்றாள் ஐலீன். எல்லோரும் சிரித்தார்கள். சொல்ல வந்த செய்தி அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை, நெவில் அலுவலகம் போனபிறகு, ஹெதர் நகராட்சிக்குப் போன் செய்தாள். குளத்து வேலிக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும்படியாக எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், நெவிலுக்கும் தெரியும். "பேர் சொல்லணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரி சொல்லிக் கேட்காதவர், சீருடை போட்டவர் வந்து சொன்னால் கேட்பார் என்று நினைத்தாள். 

பெஞ்சை அங்கிருந்து எடுக்க வேண்டும், பார்க்க ஆள் வருவார் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்த மாலையில் நெவில் அதைச் சமையலறை மேஜைமேல் வீசினார். முகம் சிவந்துபோயிருந்தது. "யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க, ஹெதர்."

அந்த மண்ணில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். போட்டுக் கொடுத்தவரை மன்னிக்க மாட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது, கிழவரானாலும் மறக்காது.

"ஏணி சாத்தி வச்ச மாதிரி இருக்காம்ல!" நெவில் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைப் பார்த்தார். "இருபது வருஷம் இந்தத் தோட்டத்து எலுமிச்சம்பழத்தைத் தின்னவ. அவ புருஷன் மெர்வ் செத்தப்போ புல்லு வெட்டிக் கொடுத்தது யாரு?"

ஹெதர் வாயைத் திறந்தாள். அடுப்பில் கெட்டில் கூவியது. அதை இறக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் பாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வேற யாரு மச்சான்? அந்தப் பொம்பளைதான்." அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் ஒரு ராத்திரிச் சண்டையோடு போயிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை என்பது ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கனமாகிக்கொண்டே போனது.

நகராட்சி ஆள் வருவதற்கு முந்தின மாலை நெவிலும் பாரியும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் மாமரத்தடியில் வைத்தார்கள். வந்தவர் வேலியை அளந்தார். குளத்துக் கதவைத் திறந்து விட்டு, அது தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டி, சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நெவில் அதைக் காந்தம் வைத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். அந்த வாரச் சனிக்கிழமை, எட்டு மணிக்கு, பெஞ்சு பழைய இடத்துக்கே திரும்பியது. இந்த முறை இரும்புப் பட்டைகள் வைத்துத் தரையோடு முடுக்கினார்.

"நெவ், கடிதத்துல எடுக்கச் சொல்லியிருந்துச்சே?"

"எடுத்தேனே. பார்த்துட்டுப் போயிட்டார்ல? காகிதம் உள்ள ஒட்டியிருக்கு, போய்ப் படி." பூப்பெட்டியில் மண்ணை அழுத்தினார். "கதவு நல்லா மூடுது. பிள்ளையைப் பார்த்துக்க நாம அஞ்சு பேர் இருக்கோம். என்ன ஆயிடப் போகுது?"

மறுபடி போன் செய்தால் இவர் கண்டுபிடித்துவிடுவார் என்று ஹெதருக்குத் தெரியும். அவள் செய்யவில்லை. பெட்டிகளில் நட துளசிச்செடியும் பெட்டூனியாப் பூச்செடியும் வாங்கி வந்து கொடுத்தாள்.

அடுத்து நெவில் கட்டியது ஒரு மறைப்பு. மதில்பலகைக்கு மேல், ஆள் உயரத்துக்கு, இடைவெளியே இல்லாமல் சட்டங்களை அடித்தார். ஐலீனின் சமையலறை ஜன்னல் மறைந்தது. அந்த ஜன்னலில் தெரியும் மஞ்சள் விளக்கைப் பார்த்துத்தான் ஹெதர் தினமும் படுக்கப் போவாள். தெருவிலும் சேதி பரவியிருந்தது. எல்லோர் குப்பைத்தொட்டியையும் உள்ளே இழுத்து வைத்துக் கொடுக்கும் பாரி ஐலீனுடையதை மட்டும் சாலையோரத்திலேயே விட்டான். நாயோடு நடக்கிறவர்கள் அவள் வாசலுக்கு வரும்போது மட்டும் எதிர்ப்பக்கம் மாறினார்கள். ஐலீன் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருநாள் ஹெதர் காரை எடுக்கும்போது, அவள் தன் தொட்டியைத் தானே உருட்டிக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தாள். கையை உயர்த்திக் காட்டினாள். ஹெதர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. ஆலயத்தில் ஆராதனையின் நடுவே போதகர், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார். எல்லோரும் எழுந்து அக்கம்பக்கம் கைகுலுக்கினார்கள். நெவில் முன்வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெதர் பின்னால் திரும்பியபோது நேர் எதிரில் ஐலீன் நின்றிருந்தாள். தோட்டவேலையில் காய்த்துப்போன கை நீண்டது.

"கர்த்தருடைய சமாதானம் உனக்கு, ஹெதர்."

"உனக்கும்," என்றாள் ஹெதர். அவள் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. ஐலீன் அந்தக் கையை உடனே விடவில்லை. முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தட்டிக் கொடுத்துவிட்டு விட்டாள். அடுத்த பாட்டு எந்தப் பாட்டு என்றுகூட ஹெதருக்குக் காதில் விழவில்லை. சமாதானம் என்று வாயால் சொல்லிவிட்டுக் கையில் பொய்யை வைத்திருக்கிறோமே என்று உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று வெயில் பொரித்தது. குளிர்ந்த இறாலும், தேன் தடவிச் சுட்ட பன்றித் தொடையும், உருளைக்கிழங்குச் சாலடும் மேஜை நிறைய இருந்தன. நெவில் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபம் செய்தார். பாரியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். மெர்வ் இறந்த வருஷத்திலிருந்து மேஜைக் கோடியில் ஐலீனுக்குப் போடுகிற நாற்காலியை இந்த வருஷம் யாரும் போடவில்லை. "ஐலீன் ஆன்ட்டி எங்கம்மா?" என்று ஷானன் கேட்டாள். "இந்தத் தடவை வரல," என்றாள் ஹெதர்.

சாப்பிட்டதும் முன்புல்வெளியில் கிரிக்கெட் தொடங்கியது. பிப்பாவைத் தன் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று ஷானன் நினைத்தாள். ஷானனோடு முன்பக்கம் போயிருக்கிறாள் என்று ஹெதர் நினைத்தாள். செங்கல் அடுப்பின் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த நெவிலோ, பிள்ளை உள்ளே தூங்குகிறது என்றே நினைத்தார். ஐந்து பேரில் ஒருவர் கண்ணும் அவள்மேல் இல்லை.

ஹெதர் சமையலறையில் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தாள். திடீரென்று வெளியே நெவிலின் குரல் கேட்டது: "இவங்களை யாரு உள்ள விட்டது?"

ஹெதர் நிமிர்ந்தாள். குளத்து வேலிக்கு உள்ளே, நீர்விளிம்பில், ஐலீன் உட்கார்ந்திருந்தாள். ஆலயத்துக்குப் போடும் நீலப் பட்டு உடை. முழங்கால்வரை கால்கள் தண்ணீருக்குள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. இந்த மனுஷிக்கு என்ன ஆயிற்று என்று நினைத்த அதே நொடியில், ஐலீனின் முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலை தெரிந்தது.

தட்டு தொட்டிக்குள் நழுவி விழுந்தது. ஹெதர் ஓடினாள்.

பிப்பா இலை அள்ளும் வலைக்கம்பைத் தண்ணீரில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பை ஐலீனின் கை இறுக்கி வளைத்திருந்தது. "அந்தப் பெரிய மீனு நழுவிடுச்சே! இப்ப என்ன பண்ணலாம்?" என்று ஐலீன் குழந்தையிடம் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உதடு வெளுத்திருந்தது. ஹெதர் கதவைத் திறந்து உள்ளே போய் பிள்ளையை வாரி எடுத்தபிறகுதான் ஐலீன் கால்களைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள்.

"வழக்கம்போலக் கேக் கொண்டு வந்தேன்," என்றாள் அவள், மூச்சுவிட்டு மூச்சுவிட்டு. "கூப்பிடலேன்னாலும் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸ்தானே, வாசல்ல வச்சுட்டுப் போயிடலாம்னு பக்கத்து வழியா வந்தேன். பார்த்தா இவ இங்க உக்காந்திருக்கா. கத்தணும்னு வந்துச்சு. கத்தினா திரும்பிப் பார்ப்பா. திரும்பினா வழுக்கிடும். அதான் சத்தமில்லாம வந்து நானும் கூட உக்காந்துட்டேன்."

"கதவு மூடித்தானே இருந்துச்சு?" நெவில் வேலிக்கு வெளியே நின்று கேட்டார். குரல் அவருடையதுபோலவே இல்லை. "எப்படி உள்ள போனா?"

 பெஞ்சின்மேல் ஒரு சின்ன ரோஜாநிறச் செருப்பு கிடந்தது. பூப்பெட்டியில் துளசி நசுங்கி, ஈரமண்ணில் குட்டிப் பாதம் ஒன்று, ஐந்து விரலும் தெளிவாக, பதிந்திருந்தது. நசுங்கிய துளசி மணம் அந்த வெயிலில் குப்பென்று அடித்தது.

நெவில் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிரிக்கெட் மட்டையோடு ஓடிவந்த ஷானன் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். பாரி தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்தான்.

"ஐலீன்," என்றார் நெவில் கடைசியில். "நீங்க போட்டுக் கொடுத்தது சரிதான். நான்தான் மடையன். உங்களைத் தெருவே ஒதுக்கி வைக்கிற மாதிரி பண்ணிட்டேன். நகராட்சிக்கு நீங்க சொன்னது நல்லதுக்குத்தான்னு இப்பத்தான் தெரியுது."

ஐலீன் வாயைத் திறந்தாள். அவள் கண் ஒரு கணம் ஹெதரிடம் போய்த் திரும்பியது. "அதை விடுங்க நெவில். பிள்ளை பத்திரமா இருக்கா. அது போதும்."

அவளுக்குத் தெரியும் என்று ஹெதருக்குப் புரிந்தது. அன்று ஆலயத்தில் கையைப் பிடித்தபோதே தெரிந்திருக்கும். தெரிந்தும், ஒரு வீட்டின் அமைதிக்காக இவ்வளவு நாள் பழியைச் சுமந்திருக்கிறாள். இப்போதும் சுமக்கத் தயாராக இருக்கிறாள். இப்போது வாய் மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. பழி புகழாக மாறிவிட்டது. எல்லாம் தானாகவே சரியாகிவிடும். இவ்வளவு சுலபமான மௌனம் ஹெதருக்கு இதற்குமுன் கிடைத்ததே இல்லை.

"ஐலீன் சொல்லல," என்றாள் ஹெதர். "நான்தான் போன் பண்ணேன்."

"என்ன?"

"நகராட்சிக்கு. நான்தான் நெவ். அவ மேல நீ பழி போட்டப்ப நான் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். அவ குப்பைத்தொட்டியை உருட்டினப்பவும் சும்மா இருந்தேன். நீ பெஞ்சைத் திரும்ப முடுக்கினப்பவும் சும்மா இருந்தேன். செடி வேற வாங்கிக் கொடுத்தேன்."

நெவில் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே ஹெதர்?"

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன். நீ ட்ரில்லை நிறுத்தல. நானும் நீ நிறுத்தறவரைக்கும் நிக்கல."

 அடுத்த தெருவில் யார் வீட்டுக் குளத்திலோ பிள்ளைகள் குதித்துக் கூச்சல் போடுவது கேட்டது. நெவில் திரும்பிக் கொட்டகைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் ஹெதர் நினைத்தாள். அவர் ட்ரில்லோடு வந்தார். பெஞ்சின் முன் மண்டியிட்டு, திருகுகளைப் பின்பக்கமாகச் சுழற்றத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் அன்று ட்ரில் சத்தம் கேட்டு எந்த வீட்டிலிருந்தும் யாரும் முறையிடவில்லை.

கடைசிப் பட்டை கழன்றதும் பாரி ஒரு முனையைப் பிடித்தான். "மெதுவாத் தூக்குடா. எனக்கும் மூட்டுவலி," என்றான். ஐலீனைப் பார்க்காமலே, "நாளையிலேர்ந்து உங்க தொட்டியை நான் உள்ள வைக்கறேன்," என்றும் சொன்னான்.

"முதல்ல உன் தொட்டியை ஒழுங்கா மூடு. பூனை எல்லாத்தையும் இழுத்துப் போடுது," என்றாள் ஐலீன்.

பெஞ்சை மாமரத்தடியில், கல் பாவிய வட்டத்தில், குளத்தைப் பார்த்தபடி போட்டார்கள். அங்கிருந்து தண்ணீர் முழுவதும் தெரிந்தது. நெவில் அத்தோடு நிற்கவில்லை. மதிலுக்குப் போய், மறைப்புச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் அடுக்கினார். ஐலீனின் சமையலறை ஜன்னல் மறுபடி தெரிந்தது.

ஐலீன் வைத்துவிட்டு வந்த கேக் பக்கத்து வழியிலேயே இருந்தது. முட்டை வெள்ளையில் சுட்டு மாம்பழம் அடுக்கிய பாவ்லோவா. ஒரு பக்கத்தை மைனாக்கள் கொத்தியிருந்தன. ஹெதர் அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொண்டுவந்தாள். ஐலீன் ஷானனின் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நீல உடை கொடியில் காய்ந்தது. பிப்பா அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஹெதர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னை மன்னிப்பியா?"

"அன்னைக்கே சமாதானம் சொல்லிட்டேனே. பயத்துல உன் கை ஈரமா இருந்துச்சு, நான் சொன்னது உன் காதுல விழுந்திருக்காது," என்றாள் ஐலீன். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் சரியா நடக்கல ஹெதர். ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு, கெட்ட பேர் வந்துடுமேன்னு வாயை மூடிட்டேன். அப்பவே உறைக்கிற மாதிரி சொல்லியிருக்கணும்."

நெவில் ட்ரில்லைத் தரையில் வைத்துவிட்டு அவர்கள் எதிரில், புல்லில் உட்கார்ந்தார். அவருடைய கையில் அந்த ரோஜாநிறச் செருப்பு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலி தண்ணிக்குத்தான் போடணும்," என்றார். "நான் அதுக்கு ஏணி சாத்திட்டு, நல்லது சொல்ல வந்தவங்களுக்கு வேலி போட்டேன். சட்டத்தை அந்தக் காகிதத்துக்காக மதிச்சேன், பிள்ளைக்காக மதிக்கல. இனிமே இந்தத் தெருவுல யாராவது வந்து 'இது ஆபத்து'ன்னு சொன்னா, அவங்களைப் போட்டுக் கொடுத்தவங்கன்னு சொல்லாதீங்க. நம்ம பிள்ளையைத் தன் பிள்ளையா நினைக்கிறவங்கதான் அப்படி வந்து சொல்லுவாங்க."